முன்னாள் படைவீரரின் இறுதிச்சடங்குக்குத் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் உதவிகள்: சாட்ஸ்வொர்த் அன்பர் ஒருவருக்குப் பதில்

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அன்பர் கேட்டிருப்பது இதுதான். அவருடைய தந்தையார் 1978இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் கடற்படைப் பயிற்சியில் சேர்ந்து, 1994க்குப் பின்னும் பணியில் தொடர்ந்து, 2006இல் ஓய்வு பெற்றவர். இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். இறுதிச்சடங்குக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று தாய்மாமன் சொல்கிறார். அது விடுதலைப் போராட்டத்தில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கு மட்டும்தான், பழைய நிறவெறி ஆட்சியின் படையில் இருந்தவர்களுக்குக் கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இவர்களில் யார் சொல்வது சரி, எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது முதல் கேள்வி. இரண்டாம் உலகப் போரில் லாரி ஓட்டுநராகப் பணியாற்றி 1983இல் காலமான தாய்வழிப் பாட்டனாரின் கல்லறைக் கல் உடைந்து கிடக்கிறது, அதை யாராவது சீர்செய்து தருவார்களா என்பது இரண்டாவது கேள்வி.

தாய்மாமன் சொல்வதே சரி. ஆனால் அவர் ஒரே பணமாக நினைப்பது உண்மையில் இரண்டு தனித்தனிப் பணங்கள். அவற்றைத் தரும் அலுவலகங்கள் வேறு, விதிகள் வேறு, ஒன்றுக்குக் கொடுத்த படிவம் மற்றொன்றுக்குப் போய்ச் சேராது. முதலாவது, ராணுவ முன்னாள் வீரர் துறை தரும் அடக்க உதவி. இரண்டாவது, அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி தரும் இறுதிச்சடங்குத் தொகை. உங்கள் தந்தையார் இரண்டுக்கும் தகுதி உள்ளவராகவே தெரிகிறார். முதலாவதற்கு அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருப்பதால், அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் கருத்து நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. அது ஏன் தவறு என்பதைச் சட்டமே சொல்கிறது. 2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் ராணுவ முன்னாள் வீரர் சட்டம், 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எந்தப் பக்கத்தில் நின்றவராயினும், அரசின் படையில் இருந்தவராயினும் அதை எதிர்த்த அமைப்புகளின் படையில் இருந்தவராயினும், முன்னாள் வீரர் என்றே வரையறுக்கிறது. 1961க்கு முந்தைய யூனியன் பாதுகாப்புப் படையில் பணியாற்றியவர்களும், 1994க்குப் பின் அமைந்த தேசியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து பணியை முடித்தவர்களும் அதே வரையறைக்குள் வருகிறார்கள். ராணுவப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், இப்போது பணியில் இருக்கக் கூடாது, அவமதிப்பாகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராக இருக்கக் கூடாது என்பவையே நிபந்தனைகள். 1970களின் நடுப்பகுதியில் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில் தொடங்கப்பட்ட ஜலசேனா பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர்களைப் பற்றி நம் சமூகத்தில் அன்றும் இன்றும் இரு வேறு கருத்துகள் உண்டு. அதே தீவில்தான் 1961இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியையும் அன்றைய அரசு தொடங்கியது. அங்கே படித்தவர்களில் பலர் பிற்பாடு அரசை எதிர்த்து நின்றார்கள். கூடத்திலும் கோயில் வாசலிலும் அந்த விவாதம் நடக்கட்டும். அலுவலக மேசையில் உங்கள் தந்தையாரின் உரிமைக்கும் அந்த விவாதத்துக்கும் தொடர்பில்லை. கேட்பதற்குக் கூச்சப்பட்டு இருந்துவிடும் குடும்பங்கள் இருப்பதாலேயே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மருத்துவம், வீட்டுவசதி, கல்வி, மனநல ஆலோசனை, போக்குவரத்து என்று அடுக்கிக்கொண்டே போகும் பயன்களில் அடக்க உதவியும் ஒன்று. எவ்வளவு, எப்படி, யாருக்கு என்ற விவரங்கள் 2014இல் வெளியான பயன்கள் பற்றிய விதிமுறைகளில் வருகின்றன. ஆனால் இந்தப் பயன்கள் அனைத்துக்கும் ஒரே வாசல்தான் உண்டு. அது முன்னாள் வீரர்களின் தேசியத் தரவுத்தளம். பணியில் இருந்தார், ஓய்வு பெற்றார், மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதால் மட்டும் ஒருவர் பெயர் அதில் தானாக ஏறிவிடாது. அவரே விண்ணப்பித்து, படைப்பணி சரிபார்க்கப்பட்டு, பெயர் ஏற்கப்பட வேண்டும். தகுதி இருந்தும் பணம் கிடைக்காமல் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தடுக்கி விழுகின்றன. இறந்தவர் வந்து கையெழுத்துப் போட முடியாது, படைப்பிரிவில் தம்மோடு இருந்தவர் யார் என்று சொல்ல முடியாது, எந்த ஆண்டு எந்தத் தளத்தில் இருந்தார் என்ற கேள்விக்குப் பதில் தர முடியாது. இவற்றையெல்லாம் விதவை மனைவி பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னும் பின்னும் அலைந்து தேடுவதைவிட, இன்று படுக்கையருகே உட்கார்ந்து அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஆகவே முதல் வேலையாக, அவர் பெயர் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று துறையின் மாகாண அலுவலகத்திலோ பிரிட்டோரியா தலைமையகத்திலோ கேட்டு, பதிலை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். அதற்கு அவருடைய அடையாளப் புத்தகத்தின் சான்றொப்பமிட்ட நகல், படை எண், பணி விடுவிப்புச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். படை எண் நினைவில்லையென்றால் பழைய சம்பளச் சீட்டிலோ, ஓய்வூதிய நிதி அனுப்பிய முதல் கடிதத்திலோ, பதக்கத்தோடு வந்த தாளிலோ பாருங்கள். விடுவிப்புச் சான்றிதழே தொலைந்துபோயிருந்தால் பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அவருடைய பணிப்பதிவேட்டைக் கேட்கலாம். அவரே எழுதுவதாக இருந்தால் ஒரு கையெழுத்தோடு வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த காலத்திலிருந்தே நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தர்களால், அண்ணன் தம்பிகளுக்கே குடும்பப் பெயர் வேறு வேறாக அமைந்துவிட்டது. அண்ணன் முனுசாமி, தம்பி மூன்சாமி. ஒருவர் நாயுடு, அவருடைய மகன் நாயுடூ. தகப்பன் பெயர் சிலருக்குக் குடும்பப் பெயராகவும், சிலருக்கு முதற்பெயராகவும் பதிவாகியிருக்கும். படையில் சேர்ந்தபோது பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயரைக் கொடுத்திருப்பார். பின்னால் வந்த அடையாளப் புத்தகத்தில் அது வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். திருமணச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருக்கும். அலுவலகத்தில் இருப்பவர் கணினியில் ஒரு பெயரைத் தட்டி, அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார். அதனால் உங்கள் தந்தையாரின் படைப்பதிவு, அடையாளப் புத்தகம், திருமணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், இந்தப் பெயர்களெல்லாம் என்னையே குறிக்கின்றன என்று அவர் சொல்லும் பிரமாணப் பத்திரம் ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரத்துக்கும் சான்றொப்பத்துக்கும் கட்டணம் இல்லை. நோயாளி நிலையம்வரை போக முடியாத நிலையில், பிரமாணம் செய்விக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை வீட்டுக்கே அழைத்து வரலாம். இந்த ஒரு தாள் இல்லாததால் மாதக்கணக்கில் கிடப்பில் கிடக்கும் விண்ணப்பங்கள் உண்டு.

பெற்றோரின் திருமணம் பற்றியும் இதோடு பார்த்துவிடுங்கள். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டுவிட்ட திருமணங்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். பதிவு இல்லையென்பதால் எல்லாம் போய்விட்டது என்று எண்ண வேண்டியதில்லை; ஆனால் சான்று கூடுதலாகக் கேட்பார்கள். நடத்திவைத்த குருக்களின் அல்லது கோயில் நிர்வாகத்தின் கடிதம், இருவீட்டாரில் ஒருவரின் பிரமாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இதிலும் தந்தையாரே ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டால் அம்மாவுக்குப் பாதி பாரம் குறையும்.

அடுத்து, பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். அடக்க உதவி முன்னாள் வீரரின் இறுதிச்சடங்குச் செலவுக்கானது. விதிமுறைகளில் குறித்த உச்சவரம்புக்கு மேல் ஆகும் செலவு குடும்பத்தைச் சேர்ந்தது. அது ஆயுள் காப்பீட்டுத் தொகையோ இழப்பீடோ ஆகாது என்பதால், செலவுக்கான அத்தாட்சி வேண்டும். இறப்புச் சான்றிதழ், இறந்தவர் மற்றும் விண்ணப்பிப்பவரின் அடையாள நகல்கள், உறவுக்கான சான்று, வங்கிக் கணக்கு உறுதிக் கடிதம் ஆகியவற்றோடு இறுதிச்சடங்கு நிறுவனத்தின் விலைப்பட்டியலும் இணைக்கப்பட வேண்டும்.

நம் வழக்கத்தில் இங்கே ஓர் இடைஞ்சல் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஆப்பிரிக்க அண்டை வீட்டார் குடும்பங்களிலும் பெரும்பாலும் வார இறுதியில்தான் அடக்கம் நடக்கும். அதற்குள் துறையோடு பேசி ஒரு பதில் வாங்கச் சில நாட்கள் கிடைக்கும். இந்துத் தமிழர் வீட்டில் இன்று உயிர் பிரிந்தால் நாளையோ மறுநாளோ கிளேர் எஸ்டேட்டிலோ மொபெனி ஹைட்ஸிலோ தகனம் முடிந்திருக்கும். அரசின் எந்த அலுவலகமும் அந்த வேகத்தில் நகராது. எனவே செலவைக் குடும்பம் முதலில் ஏற்கவும், பின்னால் கேட்டுப் பெறவும் தயாராக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் நிறுவனத்திடம் எப்படிப் பேசுவது என்பதும் தெளிவாகும். விலைப்பட்டியல் யார் பெயரில் இருக்கிறதோ, பணம் செலுத்திய ரசீது யார் பெயரில் இருக்கிறதோ, விண்ணப்பமும் அவர் பெயரிலேயே போவது நல்லது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், துக்க வீட்டில் பையில் பணம் வைத்திருக்கும் மருமகன் முன்பணத்தைக் கட்டிவிடுவார், பெரிய தம்பி மீதியைக் கட்டுவார், விலைப்பட்டியல் இறந்தவர் பெயரிலேயே அச்சாகியிருக்கும், விண்ணப்பம் அம்மா பெயரில் போகும். நான்கு தாளில் நான்கு பெயர் இருந்தால் பரிசீலிப்பவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? யார் கையிலிருந்து பணம் வந்தாலும் ஒருவர் பெயரிலேயே கட்டுங்கள். சவப்பெட்டி, ஊர்தி, தகனசாலைக் கட்டணம், உடலைக் குளிர்பதனத்தில் வைத்த கட்டணம் ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்கட்டும். பந்தல், சாப்பாடு, மாலை, குருக்கள் தட்சிணை ஆகியவற்றை அதே பட்டியலில் கலக்க வேண்டாம். தகனம் நடந்தால் தகனம் என்றே எழுதச் சொல்லுங்கள். அடக்கம் என்று அச்சடித்து வைத்திருக்கும் பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்தால், சான்றிதழோடு பொருந்தாமல் போய்விடும்.

இரண்டாவது பணம் இதைவிட எளிது. நிரந்தரப் படையில் இருந்தவர்கள் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியின் உறுப்பினர்கள். உறுப்பினரோ, மாத ஓய்வூதியம் பெறுபவரோ, அவருடைய மனைவியோ கணவரோ இறந்தால் அந்த நிதி 15,000 ராண்டும், தகுதியுள்ள பிள்ளை இறந்தால் 6,000 ராண்டும் இறுதிச்சடங்குத் தொகையாகத் தருகிறது. ஓய்வூதியர்களில் 1 டிசம்பர் 2002க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கே இது உண்டு. உங்கள் தந்தையார் 2006இல் ஓய்வு பெற்றதால் அதில் தடையில்லை. பத்து ஆண்டுக்குக் குறைந்த பணிக்காலத்தோடு வெளியேறி, மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு போனவர்கள் மாத ஓய்வூதியர் ஆகமாட்டார்கள். அவர்கள் வீட்டார் இந்த வாசலில் நின்று பயனில்லை, முன்னாள் வீரர் துறையைத்தான் பார்க்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தின் பெயர் இசட் 300; வங்கி விவரத்துக்கான படிவம் இசட் 894. இறப்புச் சான்றிதழ், அடையாள நகல்கள், திருமணச் சான்று ஆகியவற்றோடு டர்பனில் உள்ள ஓய்வூதிய அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.

மாமன் சொன்னதை வைத்து இந்த 15,000 ராண்டு எல்லாச் செலவையும் தாங்கிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஊர்வலமும் உயர்ந்த பெட்டியும் வேண்டுமென்று உறவினர்கள் நிற்கும்போது அந்தத் தொகை பாதி வழிகூட வராது. ஆனால் துறையின் உதவியும் இதுவும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வருபவை. ஒன்றைப் பெற்றதை மறைக்கத் தேவையில்லை, கேட்டால் நேராகச் சொல்லலாம்.

ஓய்வூதிய நிதியில் இறுதிச்சடங்குத் தொகையைவிடப் பெரிய விஷயம் அம்மாவின் மாத ஓய்வூதியம். கணவர் ஓய்வு பெறும்போது தேர்ந்தெடுத்ததைப் பொறுத்து அவருடைய ஓய்வூதியத்தில் 50 அல்லது 75 விழுக்காடு மனைவிக்குத் தொடரும். அதற்குத் தனி விண்ணப்பம் உண்டு. இறப்பை நிதிக்குத் தெரிவிக்காமல், கணக்கில் விழும் பணத்தை இரண்டொரு மாதம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது கடனாகப் பதிவாகி, பின்னால் அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்தே பிடிக்கப்படும். வாரிசுதாரர் நியமனப் படிவமான டபிள்யூ.பி. 1002 கடைசியாக எப்போது நிரப்பப்பட்டது என்றும் தந்தையாரிடம் இப்போதே கேளுங்கள். காலமாகிவிட்ட தம் தாயார் பெயரை இன்னமும் அதில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஓய்வு பெற்ற படையினருக்கான மருத்துவத் தொடர்ச்சி நிதியில் அவர் உறுப்பினராக இருந்தால், அம்மாவின் உறுப்புரிமை அறுந்துபோகாமல் அவர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

ராணுவ மரியாதை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உயிர் பிரிந்த அன்று உறவினர் யாராவது கேட்பார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவர்களுக்குப் படையே மரியாதையோடு அடக்கம் நடத்துகிறது. ஓய்வு பெற்ற எல்லோருக்கும் துப்பாக்கி வேட்டும் எக்காள இசையும் உரிமையாகக் கிடைப்பதில்லை. அரசு மரியாதையோடு நடக்கும் இறுதிச்சடங்குகளுக்குக் குடியரசுத் தலைவரே அனுமதி தருகிறார். ரிவோனியா வழக்கில் 1964இல் நெல்சன் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற விடுதலைப் போராளி அகமது கத்ராடா 28 மார்ச் 2017 அன்று காலமானபோது, மறுநாளே ஜொகானஸ்பர்க் வெஸ்ட்பார்க்கில் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் நடந்தது. சிறப்பு அரசு மரியாதை அந்த அவசரத்துக்கு ஏற்ப நடந்துகொண்டது. அவ்வளவு பெரிய நிலையில் இல்லாத ஒருவருக்கு, அவர் சேர்ந்திருந்த முன்னாள் வீரர் சங்கத்தின் தோழர்கள் சீருடையில் வந்து நிற்பதும் பெட்டிமேல் கொடி போர்த்துவதும் நடக்கக்கூடியவை. கொடியை எப்போது எடுத்து மடிப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவையுங்கள். வாய்க்கரிசி போடும் நேரத்திலோ பிள்ளைகள் சுற்றி வரும் நேரத்திலோ கொடி இருந்தால் இரு தரப்புக்கும் சங்கடம். வீட்டுச் சடங்கு முடிந்து பெட்டி மூடியபின் கொடி, தகனசாலை வாசலில் கொடியை எடுத்து அம்மாவிடம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அன்றைய தாள் வேலை அதிகமில்லை. வீட்டில் இயற்கையாக உயிர் பிரிந்தால், அவரைப் பார்த்துவந்த மருத்துவர் டி.எச்.ஏ. 1663 என்ற இறப்பு அறிவிப்பில் கையெழுத்திடுவார். அதைக் கொண்டு உள்துறை அலுவலகத்தில் 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். டி.எச்.ஏ. 14 என்ற உத்தரவு இல்லாமல் அடக்கமோ தகனமோ நடக்காது. உரிமம் பெற்ற இறுதிச்சடங்கு நிறுவனமே பெரும்பாலும் இரண்டையும் முடித்துத் தரும். முதல் இறப்புச் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. அதில் பெயரின் எழுத்துக்கூட்டலை அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சரிபாருங்கள். சான்றொப்பமிட்ட நகல்களைப் பத்துக்குக் குறையாமல் எடுத்து வைத்தால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மறுபடி ஓட வேண்டியிருக்காது.

நோயாளி படுத்திருப்பதைத் தெரிந்துகொண்டு இறுதிச்சடங்குக் காப்பீட்டை விற்க வருபவர்களும் இருப்பார்கள். இயற்கை மரணத்துக்கு ஆறு மாதம்வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு; ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி மறுப்பதும் நடக்கும். இப்போது புதிதாகப் பாலிசி எடுப்பது வீண் செலவு. ஏற்கெனவே பாலிசி இருந்தால், எல்லா ஆவணங்களும் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் கோரிக்கைமேல் முடிவெடுக்க வேண்டும் என்று 2018இல் திருத்தப்பட்ட காப்பீட்டு விதிகள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகின்றன. தகனத்துக்குக் கைகொடுக்கக்கூடிய முதல் பணம் அதுவாகவே இருக்கும். முன்னாள் வீரர் தரவுத்தளத்தில் பெயரேற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், சங்கப் பட்டையை மார்பில் குத்தியிருந்தாலும், ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டாம். இந்த உதவிகளுக்கான அரசின் எந்தப் படிவத்துக்கும் கட்டணம் கிடையாது. சமூகப் பாதுகாப்பு முகமையான சாசாவின் அலுவலகத்தில் போர் வீரர் உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது உலகப் போர், கொரியப் போர் ஆகியவற்றில் பணியாற்றியவர்களுக்கானது, உங்கள் தந்தையாருக்குப் பொருந்தாது.

ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான எம்.கே.யில் இருந்தவர்களின் குடும்பங்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாட்ஸ்வொர்த்தில் எம்.கே. வீரர் லெனி நாயுடு பெயர் தாங்கிய சாலையில் தினமும் போய்வருகிறோம். 1988இல் அவர் கொல்லப்பட்டபோது இப்படியொரு சட்டமே இல்லை. தலைமறைவாக இயங்கியவர்களுக்குப் படை எண்ணும் விடுவிப்புச் சான்றிதழும் இருப்பது அரிது. 1994க்குப் பின் தொகுக்கப்பட்ட சான்றளிக்கப்பட்ட பணியாளர் பதிவேட்டில் பெயர் இருந்தால் வேலை எளிது. இல்லாதவர்கள் சரிபார்ப்புக் குழுவின் முன் வர வேண்டியிருக்கும். அப்போது எந்த ஆண்டு, எந்த முகாம், யாருடைய கட்டளையின்கீழ் என்பதைச் சொல்லக்கூடிய தோழர்கள் உயிரோடு இருக்க வேண்டும், அவர்களுக்கும் வயதாகிறது. சிறப்பு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ் மாதப் பணம் பெற்று வந்தவர் இறந்தால், ஓய்வூதிய நிர்வாக முகமையிடம் தனியாக விசாரிக்க வேண்டும். உடல் எங்கே புதைக்கப்பட்டது என்றே தெரியாத குடும்பங்களுக்கு, தேசிய வழக்குத் தொடுப்பு ஆணையத்தில் 2005இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் பணிக்குழு இருக்கிறது. தேடி, தோண்டி எடுத்து, அடையாளம் கண்டு, குடும்பத்திடம் ஒப்படைக்கும் வேலை அவர்களுடையது. வெளிநாட்டு மண்ணில் புதைக்கப்பட்டவர்களை மீட்டு வருவதற்கான தேசியக் கொள்கைக்கு 2021இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தது; 2024 செப்டம்பரில் சிம்பாப்வேயிலிருந்தும் சாம்பியாவிலிருந்தும் நாற்பதுக்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் திரும்பி வந்தன.

இனி பாட்டனாரின் கல்லறைக்கு வருகிறேன். அவர் இந்திய மலாய் படைப்பிரிவில் இருந்திருக்க வேண்டும். 1940 முதல் நம்மவர்களை லாரி ஓட்டவும், காயம்பட்டோரைத் தூக்கவும், சமைக்கவும் அழைத்துப்போன பிரிவு அது. துப்பாக்கி தர அன்றைய அரசு விரும்பவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பேணுவது, இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை, 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரையிலான காலத்தில் பணியில் இருந்தபோது இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவுச் சின்னங்களையும்தான். டர்பன் ஸ்டெல்லாவுட் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் ஒரே அளவான கற்கள் அத்தகையவை. போரிலிருந்து திரும்பி, 1983வரை வாழ்ந்து காலமானவரின் கல் அவர்களுடைய பொறுப்பில் வராது. 2011ஆம் ஆண்டுச் சட்டமும் அன்றைய அடக்கச் செலவைத் திருப்பித் தராது. வீழ்ந்த வீரர்களைக் கௌரவித்து நினைவுகூர்வது என்ற பயன் அதில் இருந்தாலும், தனிக் கல்லறைக் கல்லுக்கு அதை நம்பிக் காத்திருக்க நான் சொல்லமாட்டேன்.

கைகொடுக்கக்கூடியவை சங்கங்கள்தான். 1921இல் கேப்டவுனில் தொடங்கிய தென்னாப்பிரிக்க லீஜியனும், 1927இல் டர்பனிலேயே தொடங்கிய மாத் அமைப்பும் முன்னாள் வீரர்கள், அவர்களுடைய விதவைகள் ஆகியோரின் நலனுக்காகவே இருப்பவை. பாட்டனாரின் படை எண்ணும் பதக்க விவரமும் இருந்தால் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். பணமாக இல்லாவிட்டாலும், படைச் சின்னத்தைக் கல்லில் பொறிப்பதற்கு வேண்டிய விவரமாவது கிடைக்கும். கல்லைத் தொடுவதற்கு முன் கல்லறைத் தோட்டத்தை நிர்வகிக்கும் நகராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்லின் அளவுக்கும் அடித்தளத்துக்கும் அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள், கல் தச்சர் அதைப் பார்த்த பிறகே விலை சொல்லட்டும். 60 ஆண்டுக்கு மேற்பட்டதாகவும் நகராட்சித் தோட்டத்துக்கு வெளியேயும் இருக்கும் கல்லறையானால் 1999ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டத்தின்கீழ் தனி அனுமதி தேவைப்படும்; பழைய தோட்டக் குடியிருப்புகளில் கிடக்கும் கொள்ளுப்பாட்டன்மார் கல்லறைகளுக்கு அந்த விதி பொருந்தும், 1983ஆம் ஆண்டுக் கல்லறைக்குப் பொருந்தாது.